சலவைக்குப் போன ஸ்பாஞ்சு

அத்தியாயம் 14

லிஃப்ட் ரிப்பேர் செய்பவனே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட கதையைச் சென்ற வாரம் படித்துச் சிரித்திருப்பீர்கள். நம் சின்னவனும் அவனுக்குப் பிடித்த அந்தப் பல் டாக்டர் பெண்ணும் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவே நாற்பது நிமிடம் தொங்கினார்கள். மனதில் இருப்பதைச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்குக் கிடைக்கும்? சின்னவன் அந்த நாற்பது நிமிடமும் அம்மோனியாவைப் பற்றிப் பேசினான்.

அது போகட்டும். இன்று அவனுக்கு அதைவிடப் பெரிய காரியம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அண்ணன் வருகிறார்.

அண்ணனுக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. நான்கு மாதத்துக்கு முன்பு கிளம்பும்போது கூடத்தில் இருக்கும் மூன்றடி மீன் தொட்டியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இது இரண்டாவது தடவை. இரண்டு வருடத்துக்கு முன்பு முதல் தடவை ஒப்படைத்தபோது, அவர் கிளம்பிய ஒரே வாரத்தில் பதினோரு மீன்களும் மல்லாந்துவிட்டன.

திரும்பி வந்த அண்ணன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சின்னவனுக்கு ஆறியிருக்கும். அவர் ஒன்றும் பேசவில்லை. தொட்டியைத் துடைத்து மொட்டை மாடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அதிலிருந்து வீட்டில் எந்தக் காரியத்துக்கும் தம்பியை நம்புவதில்லை. கேஸ் அடுப்பின் டியூபை மாற்ற வேண்டும் என்று அண்ணி போனில் சொன்னால், நடுக்கடலில் இருந்துகொண்டு, "நான் வந்து மாத்தறேன்" என்பார்.

அப்படிப்பட்டவர் அந்தத் தொட்டியை மறுபடி கீழே இறக்கி, ஏழு மீன் வாங்கி விட்டு, இரண்டு மாதம் தானே வளர்த்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு, "பாத்துக்கோ" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் சின்னவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பட்டான். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டான். வாரம் ஒரு முறை தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட்டு, குளோரின் போக்கிய புதுத் தண்ணீரைச் சூடு பார்த்து ஊற்றினான். ஒரு சின்னக் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் காத்திருந்து நிறம் பார்த்தான். மஞ்சளாகவே இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை தட்டினால் ஆபத்து. நான்கு மாதமும் மஞ்சள்தான். நோட்டு முழுக்க பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பள்ளிக்கூடத்திலும் அவன் நிறைய பூஜ்யம் வாங்கியிருக்கிறான், ஆனால் அப்போதெல்லாம் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முந்தின நாள் ஒரு அலுவலகக் கட்டடத்தில் இரண்டு லிஃப்டும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டதால், அவன் வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் தூங்கியிருந்தார்கள். விளக்கைப் போட்டால் மீன்கள் மிரளும் என்று தொட்டிப் பக்கம் போகாமலே படுத்துவிட்டான். நான்கு மாதத்தில் அன்று ஒரு நாள்தான் அவன் தொட்டியைப் பார்க்காமல் படுத்தது.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே கூடத்துக்கு வந்தவன் அப்படியே நின்றான். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. கண்ணாடி அவ்வளவு சுத்தம். கூழாங்கற்கள் ஒவ்வொன்றும் கழுவித் துடைத்த கல்லாக மின்னின. ஏழு மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அண்ணன் ஆசையாகக் 'கேப்டன்' என்று பெயர் வைத்த பெரிய ஏஞ்சல் மீன், துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவன் கை தானாக ஃபில்டருக்குள் போனது. உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சை உருவினான். நான்கு மாதமாகக் கரும்பழுப்பாக, வழுவழுவென்று இருந்த ஸ்பாஞ்சு பளிச்சென்ற நீல நிறத்தில் வெளியே வந்தது. அது நீல நிற ஸ்பாஞ்சு என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. குரலில் அத்தனை பெருமை.

அண்ணியைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. இருபது வருட சர்வீஸ். தினம் எண்ணூறு விரிப்பு, முந்நூறு அங்கி. கிருமி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவள் கை பக்கெட்டைத் தேடும். தன் வீட்டுக்காரர் ஊரிலிருந்து வருகிறார் என்றால் வீட்டில் இருக்கும் ஒரு திரை, ஒரு தலையணை உறை, ஒரு கதவுக் கைப்பிடி தப்பாது. இந்தத் தடவை மீன் தொட்டியும் தப்பவில்லை.

நேற்று நடந்ததை அவளே ஆசையாகச் சொன்னாள். காலையில் வேலைக்குப் போகும்போது அந்த ஸ்பாஞ்சைக் கையோடு கொண்டு போனாளாம். எழுபது டிகிரி வெந்நீரில், வெளுப்பு மருந்து போட்டு, மூன்று அலசல், பிறகு சூடான காற்றில் உலர்த்தல். ஆபரேஷன் தியேட்டர் துணிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. சாயங்காலம் வந்து மீன்களை பக்கெட்டில் விட்டுவிட்டு, தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லையெல்லாம் வெந்நீரில் கழுவி, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினாளாம். சோப்பு மட்டும் போடவில்லை, மீனுக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். பாவம், பசியாக இருக்கும் என்று தீனியும் ஒரு பிடி சேர்த்தே போட்டாளாம்.

சின்னவனுக்குத் தலை சுற்றியது. வாயில் பற்பசை நுரை வேறு. அவன் உள்ளே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, சொட்டு மருந்தை விட்டான். நோட்டும் பேனாவுமாக ஐந்து நிமிடம் நின்றான். அண்ணியும் பக்கத்தில் நின்றாள். ஏதோ பரீட்சை முடிவு வரப்போகிறது என்று அவளுக்குப் புரிந்தது. முதலிடம் தனக்குத்தான் என்று நினைத்திருந்தாள்.

குழல் பச்சையாகியது. சந்தேகத்துக்கே இடமில்லாத பச்சை.

கத்த வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் எதிரே நிற்பது அண்ணி. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. அண்ணன் வருடத்தில் எட்டு மாதம் கடலில். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், பரீட்சையில் தோற்றபோதெல்லாம் அண்ணனிடம் சமாளித்தவள் அவள்தான். அவளைக் கடிந்து பேச அவனுக்கு நாக்கு வராது.

"அண்ணி, கொஞ்சம் உக்காருங்க," என்றான்.

அவள் உட்கார்ந்தாள். மீன்கள் இருக்கிற தண்ணீரிலேயே கழிவையும் விடும், மிச்சத் தீனியும் அதிலேயே அழுகும், அதிலிருந்து அம்மோனியா என்ற விஷம் ஊறிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினான். அந்த விஷத்தைத் தின்று செரிக்கிற நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன, அவை பெருக மாதக் கணக்கில் ஆகும் என்றான்.

அண்ணியின் புருவம் மேலே போயிற்று. "கிருமியா?"

"நல்ல கிருமி அண்ணி."

"இருபது வருஷமா நான் கொன்னுக்கிட்டு இருக்கறதை, நீ வீட்டுக்குள்ள வெச்சு வளர்த்துக்கிட்டு இருக்கியா?"

அவளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது என்று அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு சொன்னான்: "உங்க ஆஸ்பத்திரிக்கு நீங்க எப்படியோ, இந்தத் தொட்டிக்கு இந்த ஸ்பாஞ்சு அப்படி. இதுதான் இவங்களோட சலவைப் பிரிவு. நேத்திக்கு நீங்க அந்த ஸ்டாஃப் மொத்தப் பேரையும் எழுபது டிகிரியில போட்டுட்டீங்க."

அண்ணி நீல ஸ்பாஞ்சைப் பார்த்தாள். மேல்மட்டத்தில் மூச்சுக்குத் திணறும் கேப்டனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த பெருமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அதைப் பார்க்க அவனுக்கு மீன்களைப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"செத்துருமா தம்பி?" என்றாள்.

"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றான் சின்னவன். அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

முதல் வேலையாகப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், வாரா வாரம் மாற்றுவதற்கு ஒரு டிரம்மில் தண்ணீர் பிடித்துத் தனியாக வைத்திருப்பான். போய்ப் பார்த்தால் டிரம் கவிழ்ந்திருந்தது. உள்ளேயும் வெளியேயும் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். அண்ணி கூரையைப் பார்த்தாள்.

நல்ல வேளையாகக் குளோரினைப் போக்கும் மருந்து பாட்டிலில் கால் பாகம் இருந்தது. அண்ணி சமையலறையில் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து கலந்து பக்கெட்டுகளை நிரப்பினாள். முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டு, "இருபத்தாறு" என்றாள். அவன் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தான். இருபத்தாறேதான். நான்கு மாதமாக அவன் அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிற வேலையை அவள் அரை நிமிடத்தில் முடித்தாள். அந்தக் கலவரத்திலும் இருவருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது.

தண்ணீர் மாற்றியதும் மீன்கள் கொஞ்சம் தேறின. ஆனால் இது தற்காலிகம்தான். ஸ்பாஞ்சில் உயிர் இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் மறுபடி பச்சை. இப்போது தேவை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு தொட்டியிலிருந்து ஒரு அழுக்கு ஸ்பாஞ்சு.

"கடையில கிடைக்காதா?" என்று கேட்டாள் அண்ணி.

"கடையில புதுசுதான் கிடைக்கும். நம்ம ஸ்பாஞ்சுல பாதி ஒருத்தர்கிட்ட இருக்கு," என்றான் சின்னவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"யாருகிட்ட?"

அவன் சொன்னான். ஆறு வாரத்துக்கு முன்பு பல் டாக்டரின் கிளினிக் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கப் போனபோது, அவள் வரவேற்பறைத் தொட்டி கலங்கியே கிடந்ததையும், மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்ததையும், தன் ஸ்பாஞ்சை வெட்டிப் பாதியை அவள் ஃபில்டரில் வைத்துவிட்டு வந்ததையும் சொன்னான். லிஃப்டில் மாட்டிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அண்ணி அவன் காது மடல் சிவப்பதைக் கவனித்தாள். வேறு நாளாக இருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

ஸ்பாஞ்சு வழியில் காய்ந்துவிடக் கூடாது, தொட்டித் தண்ணீரிலேயே ஊறியபடி வர வேண்டும், ஏதாவது டப்பா வேண்டும் என்றான். அண்ணி உள்ளே போய்த் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்தாள். அந்த டப்பாவை வேறு யாரும் தொடக்கூட விடமாட்டாள். தொட்டால் வெந்நீரில் மூன்று முறை கழுவுவாள்.

"என்ன பாக்கற? வண்டியை எடு," என்றாள்.

கிளினிக்கில் டாக்டர் ஒருவருடைய வாய்க்குள் பாதி கையை விட்டிருந்தாள். கண்ணாடிக் கதவு வழியாகச் சின்னவனையும், பின்னால் டப்பாவோடு நிற்கும் அண்ணியையும் பார்த்ததும் வெளியே வந்தாள். முகமூடியை இறக்கிக்கொண்டு, என்ன ஆயிற்று என்று கேட்டாள். சின்னவன் ஸ்பாஞ்சு கெட்டுப்போய்விட்டது என்று மட்டும் சொன்னான். எப்படிக் கெட்டது என்று சொல்லவில்லை. அண்ணி அதையும் கவனித்தாள்.

டாக்டர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. முழு ஸ்பாஞ்சையும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவன் கூடாது என்றான். தேறி ஆறு வாரமே ஆன தொட்டி அது, முழுதாக எடுத்துவிட்டால் அவளுடைய மீன்கள் திண்டாடும், பாதி போதும் என்றான். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தவர் உள்ளே இருந்து ஏதோ முனகினார்.

"ரெண்டு நிமிஷம், அப்படியே இருங்க," என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, டாக்டர் ஒரு கத்தரிக்கோலைக் கொண்டுவந்து ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டினாள். பழுப்புச் சாறு புகையாகக் கிளம்பியது. இரண்டு துண்டில் ஒன்று நன்றாகப் பெரிதாக இருந்தது. அதைத்தான் டப்பாவில் போட்டாள். பல்லில் நூலிழை வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவளுக்கு ஒரு ஸ்பாஞ்சைச் சரிபாதியாக வெட்டத் தெரியாதா என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் கிளினிக் முடிஞ்சதும் வந்து பாக்கலாமா?" என்று டாக்டர் கேட்டாள். "மீனை," என்று சேர்த்துக்கொண்டாள்.

சின்னவன் வாயைத் திறந்தான். தாராளமாக வாருங்கள் என்று அண்ணி முந்திக்கொண்டு, வீட்டுக்கு வழியும் சொன்னாள்.

திரும்பும்போது அவன் பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினான். அண்ணி பின்னால் டப்பாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். இருபது வருட சர்வீஸில் முதல் தடவையாக அழுக்கைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டு போகிறாள். டாக்டரைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வியாக வரும் என்று சின்னவன் பயந்துகொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை. இரண்டு தெரு தாண்டியதும் அவள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

"தம்பி, போன தடவை எல்லா மீனும் செத்துச்சே, அப்ப தண்ணி எப்படி இருந்துச்சு?"

"அதை ஏன் அண்ணி இப்ப?"

"சொல்லேன்."

"பளிங்கு மாதிரி இருந்துச்சு. அதான் எனக்குப் புரியவே இல்ல. அழுக்கா இருந்தாத்தானே சாகணும்? அப்ப எனக்கு இந்த ஸ்பாஞ்சு விஷயமெல்லாம் என்ன தெரியும்? ரெண்டு நாள் தீனி போட மறந்துட்டேன். அதனாலதான்னு நெனச்சுக்கிட்டேன்."

சின்னவன் சிக்னலில் வண்டியை நிறுத்தி, டப்பா பத்திரமா என்று கேட்டான். பத்திரம் என்றாள். அவள் குரல் கம்மியிருந்ததை வண்டிச் சத்தத்தில் அவன் கவனிக்கவில்லை.

அந்தத் தடவையும் அண்ணன் கப்பலேறிய மறுநாள், வீடு முழுக்கக் கழுவித் துடைத்தபோது, ஃபில்டரில் அழுக்கேறிக் கிடந்த ஒரு ஸ்பாஞ்சை அவள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சலவை செய்து கொண்டுவந்தாள். அன்று துவைத்த நூறு சாமான்களில் அதுவும் ஒன்று. யாரிடமும் சொல்ல அதில் என்ன இருக்கிறது? அதன் பிறகு இரண்டு வருடம் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டே இந்த வீட்டில் நடமாடினான். "பரவால்ல விடு, அடுத்த தடவை பொறுப்பா இரு" என்று அவளே அவனுக்குப் புத்தி சொல்லியிருக்கிறாள். அதை நினைத்தபோது அவளுக்கு டப்பாவை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பழுப்புத் துண்டு ஃபில்டருக்குள் போனது. அதன் சாற்றைச் சின்னவன் நீல ஸ்பாஞ்சின் மேலும் பிழிந்து, அதையும் பக்கத்திலேயே வைத்தான். தொட்டித் தண்ணீர் லேசாகக் கலங்கியது. அண்ணிக்குக் கை பரபரத்தது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

இன்று தீனி கிடையாது என்று சொல்லிவிட்டான். மத்தியானம் இன்னொரு தடவை தண்ணீர் மாற்றினார்கள். இரண்டு மணிக்குக் குழலில் வெளிர்ப் பச்சை. நான்கு மணிக்கு மஞ்சளா பச்சையா என்று பட்டிமன்றம் நடத்தலாம் என்கிற நிறம். மற்ற ஆறு மீன்களும் நடுத் தண்ணீருக்கு இறங்கி ஒன்றையொன்று துரத்த ஆரம்பித்தன. கேப்டன் மட்டும் மேலேயே நின்றது.

ஐந்து மணிக்கு அண்ணி மெதுவாகப் பேச்சை ஆரம்பித்தாள். அவரிடம் என்ன சொல்வது?

"நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லிடறேன் அண்ணி. உங்களை இழுக்க வேணாம். நாலு மாசம் கழிச்சு வராரு, வந்ததும் வராததுமா உங்களோட எதுக்கு மனஸ்தாபம்? எனக்குப் பழக்கம்தானே."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணி சிரிக்கவில்லை. உடம்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறாய், போய்க் குளித்துவிட்டு வா என்று அவனை அனுப்பினாள். அவன் போனதும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்தாள்.

அண்ணன் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். டாக்சியிலிருந்து பெட்டிகள் இறங்கின. எப்போதும் இரண்டு பெட்டி. இன்று மூன்று, நான்கு, ஐந்து என்று இறங்கிக்கொண்டே இருந்தன. வாசலில் நின்ற அண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, கப்பலை விட்டு மொத்தமாக வந்துவிட்டாரோ என்று அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவர் நேராகக் கூடத்துக்குப் போய்த் தொட்டிக்கு முன்னால் குந்தினார்.

சின்னவன் ஈரத் தலையோடு ஓடி வந்தான். அண்ணனின் ஆள்காட்டி விரல் கண்ணாடி மேல் ஒன்று, இரண்டு என்று நகர்ந்தது. ஏழு. பிறகும் விரலை எடுக்கவில்லை. தொட்டியின் கலங்கலையும், மேலே நிற்கும் கேப்டனையும், தரையெல்லாம் கிடந்த பக்கெட்டுகளையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்.

"அண்ணே, நேத்திக்கு நான்..." என்று சின்னவன் ஆரம்பித்தான்.

அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்தில் கிடந்த நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். இன்ஜின் அறையில் மணிக்கு மணி சூடும் அழுத்தமும் குறித்துப் பழகிய மனிதர். பதிவேடு என்றால் அவருக்கு எழுத்து விடாமல் படிக்க வேண்டும். பூஜ்யங்கள் ஒவ்வொன்றாகத் தாண்டின. நாள், சூடு, அம்மோனியா, மாற்றிய தண்ணீர். ஒரு வாரம்கூட விட்டுப்போகவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்தார். அங்கே கையெழுத்து மாறியிருந்தது.

அதைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு நோட்டைத் தம்பியிடம் நீட்டினார்.

சலவைப் பிரிவின் பதிவேட்டில் எழுதுகிற அதே குண்டு குண்டான கையெழுத்தில் அண்ணி எழுதியிருந்தாள்: 'நேற்று ஸ்பாஞ்சைத் துவைத்தது நான். இரண்டு வருடத்துக்கு முன்பும் துவைத்தது நான்தான். அதனால்தான் மீன்கள் செத்தன என்று இன்றுதான் எனக்குத் தெரிந்தது. தம்பி மேல் அன்றும் தப்பு இல்லை, இன்றும் இல்லை.' கீழே நேரமும் கையெழுத்தும் போட்டிருந்தாள்.

சின்னவன் தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தான். அவள் கதவோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அவனுக்கும் கண் கலங்கியது. கோபம் வருமா என்று மனதுக்குள் தேடிப் பார்த்தான், வரவில்லை. இரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது மட்டும் தெரிந்தது.

"அன்னிக்குத் தொட்டியைக் கவுத்து வெச்சப்ப, நீ ஏன்டா ஒரு வார்த்தை பேசல?" என்று அண்ணன் கேட்டார்.

"நான்தான்னு நெனச்சேன்."

"நானும் கேக்கலை," என்றார் அண்ணன். தரையைப் பார்த்து இன்னொரு தடவையும் அதையே சொன்னார். "நானும் கேக்கவே இல்லை."

கேப்டன் துடுப்பை ஒரு தடவை விரித்தது. பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல, கல்லை நோக்கிச் சாவகாசமாகக் கீழே இறங்கியது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

அண்ணன் எழுந்தார். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு தம்பியைப் பார்த்தார்.

"அடுத்து எப்ப தண்ணி மாத்தணும்?"

சின்னவனுக்குக் கேள்வி புரியவே ஒரு நிமிடம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து அண்ணன் அவனிடம் எதையும் எப்படிச் செய்வது என்று கேட்டதில்லை.

"ஏழு மணிக்கு அண்ணே."

"எத்தனை பக்கெட்டு?"

"ரெண்டு. ஒரேயடியா ஊத்தக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்."

"சரி," என்று அண்ணன் ஒரு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். எந்தச் சூட்டில் கலப்பது என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். தம்பி இருபத்தாறு என்றான். அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நீங்கள் கலந்தால் சரியாக வராது, நகருங்கள் என்று பின்னாலேயே போனாள்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அழைப்பு மணி அடித்தது. அண்ணிதான் கதவைத் திறந்தாள். கிளினிக்கிலிருந்து நேராக வந்திருந்த டாக்டர் நின்றாள். இந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் அண்ணி முதலில் சொல்வது, போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வாருங்கள் என்பதுதான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். உள்ளே, முழங்கை வரை ஈரமாகத் தொட்டிக்கு முன்னால் நிற்கும் சின்னவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சோப்பெல்லாம் வேணாம். அப்படியே உள்ள வாங்க," என்றாள்.

டாக்டர் உள்ளே கால் வைத்ததும் வழியை அடைத்துக்கொண்டிருந்த ஐந்தாவது பெட்டியில் இடித்துக்கொண்டாள். மற்ற நான்கையும் பார்த்தாள். வீட்டில் யாராவது வெளியூர் கிளம்புகிறார்களா என்று கேட்டாள்.

அண்ணியும் சின்னவனும் ஒரே நேரத்தில் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் பக்கெட்டோடு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"முதல்ல தண்ணியை ஊத்துவோம்," என்றார்.